கடற்கரை வாரத்துக்குக் காசு கொடுத்தது யார்?

கேள்வி: நூறு வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்தின் பஞ்சாலை முதலாளிகள் தொழிலாளர்களை வருடா வருடம் ஒரு வாரம் கடற்கரைக்கு அனுப்பி வைத்தார்களாமே? அந்தப் பெருந்தன்மை இப்போது எங்கே போயிற்று? – வாசகர், திருப்பூர்

பதில்: ஒரு வாரம் போனது உண்மை, அனுப்பி வைத்தது முதலாளி அல்ல. பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் வட்டாரத்தில் அதற்கு 'வேக்ஸ்' வாரம், அதாவது ஊர்த் திருவிழா வாரம், என்று பெயர். ஆலையை மூடினார்கள், கூலியையும் நிறுத்தினார்கள்.

மூடியது ஆலைக்கும் தேவைப்பட்டது. ஒரே நீராவி இன்ஜினிலிருந்து ஷாஃப்டும் பெல்ட்டுமாகப் போய்த்தான் எல்லாத் தறியும் ஓடும். ஊர்த் திருவிழா என்று பாதிப் பேர் வேலைக்கு வராமல் போனாலும் நிலக்கரி எரிந்தே தீரும். பாய்லரையோ வேலை நாளில் தொட முடியாது. நெருப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, தண்ணீரை வடித்த பிறகுதான் ஆள் உள்ளே இறங்கி உப்புப் படிவைக் கொத்தி எடுக்கலாம், புகைப்பாதையில் கரியைச் சுரண்டலாம். படிவு தடித்துவிட்டால் சூடு தண்ணீருக்கு ஏறாமல் தகடு காய்ந்து புடைக்கும், வெடிக்கவும் கூடும்.

செலவுக்குப் பணம் தொழிலாளர்களின் சேமிப்புச் சங்கங்களிலிருந்து வந்தது. வாரம் ஒரு ஷில்லிங் (அப்போது இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு) போட்டால் 50 வாரத்தில் இரண்டரை பவுண்டு. விடுமுறைக்கு முன்பு கையில் கொடுப்பார்கள். ரயில் கட்டணம், பிளாக்பூல் கடற்கரை ஊரில் தங்கும் செலவு, பூட்டிவிட்டு வந்த வீட்டின் வாடகை எல்லாம் அதற்குள். திரும்பிய பிறகு அடுத்த கூலி வரும்வரை அடுப்பெரியவும் அதிலேயே மிச்சம் பிடிக்க வேண்டும். பலர் தடுமாறியது அங்கேதான். தங்கும் விடுதியில் மீனோ கறியோ தாங்களே வாங்கிக் கொடுத்தால் வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். மேஜையில் வைக்கிற உப்பு, மிளகுத்தூளுக்குத் தனிக் காசு வாங்கிய வீடுகளும் உண்டு. எல்லா ஊரும் ஒரே வாரத்தில் கிளம்பினால் ரயிலும் அறையும் தாங்காது. அதனால் கோடை முழுக்க ஊருக்கு ஊர் வாரம் மாறும். ஓல்டம் நகருக்கு ஆகஸ்ட் கடைசி.

நிறுவனமே ஏற்பாடு செய்த பயணங்களும் இருந்தன. பர்ட்டன் நகரத்து பாஸ் பீர் ஆலை விடியுமுன்பே வரிசையாகத் தனி ரயில்கள் விட்டு ஆயிரக்கணக்கானோரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனது. அது ஒரு நாள் பயணம், 1914-உடன் நின்றது.

சம்பளத்துடன் விடுமுறைக்கு பிரிட்டனில் சட்டம் வந்தது 1938-இல். அதுவும் எல்லோருக்கும் கட்டாயமாக்கவில்லை. கூலி நிர்ணயிக்கும் வாரியங்கள் ஒரு வாரம் வரை வழங்கலாம் என்று அதிகாரம் மட்டுமே கொடுத்தது.