தேயிலைப் பெட்டியில் ஒரு கயிறு

கேள்வி: பிரிட்டனின் பழைய பாடகர்கள் பேட்டி கொடுத்தால் 'ஸ்கிஃபிள்' என்ற ஒன்றைப் பற்றி உருகாமல் விடுவதில்லை. யூடியூபில் தேடிக் கேட்டுப் பார்த்தேன். மூன்றே கார்ட் (ஸ்வரக்கூட்டு), தகரச் சத்தம், அமெரிக்காவில் கடன் வாங்கிய பாட்டு. இரண்டு வருஷத்தில் அடங்கிப்போன ஒரு சிறுபிள்ளைத்தனத்துக்கு இத்தனை ஏக்கமா? பீட்டில்ஸ் வராமல் போயிருந்தால் இதை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? (வாசகர், திருச்சி)

பதில்: மூன்று கார்ட் என்பது சரி. தகரச் சத்தம் என்பதும் சரி. கடன் என்றீர்களே, அது ரொம்பவே சரி. அதற்குக் கடைசியில் வருகிறேன். 'சிறுபிள்ளைத்தனம்' என்ற சொல்லை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நீங்கள் ஸ்கிஃபிளைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பையன்கள் கேட்டதோடு நிற்கவில்லை. இசைத்தட்டு சுற்றி முடிவதற்குள் வீட்டின் பின்பக்கம் போய், அம்மா துணி தோய்க்கிற பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த இசையின் விஷயமே அதுதான். யூடியூபில் அது தெரியாது.

எந்த ஊரில், எந்த வருஷத்தில் இது நடந்தது என்று பாருங்கள். போர் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியும் பிரிட்டனில் ரேஷன் ஓயவில்லை. இறைச்சிக்கான ரேஷன் எடுக்கப்பட்டது 1954 ஜூலை 4 அன்று. அதற்கு ஒன்பதாம் நாள், ஜூலை 13, லண்டனில் டெக்கா நிறுவனத்தின் ஸ்டூடியோவில் கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழு ஒரு பெரிய தட்டுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தது. குழுவில் பாஞ்ஜோ வாசித்த லோனி டோனகன் கிட்டாரை எடுத்துக்கொண்டு 'ராக் ஐலண்ட் லைன்' என்ற ரயில் பாட்டைப் பாடினார். டிராம்போன் வாசிக்கிற பார்பர் அன்று டபுள் பாஸை மீட்டினார். ஜாஸ் பாடகி பெரில் பிரைடன் துணி தோய்க்கும் பலகையைத் தேய்த்தார். அவ்வளவுதான் பக்கவாத்தியம். சுங்கச்சாவடிக்காரனை ஏமாற்றிவிட்டு ஓடும் ரயிலின் கதையைப் பேச்சாக ஆரம்பித்து, போகப்போக வேகம் பிடித்து, முடிக்கும்போது டோனகன் கிட்டத்தட்ட அலறுவார். நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன். குரல் கிழியும் இடத்தில் இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

அது தனித்தட்டாக வந்தது 1955 கடைசியில். 1956 ஜனவரியில் விற்பனைப் பட்டியலில் ஏறி எட்டாம் இடம் வரை போனது. அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் வந்தது. டோனகனுக்குக் கிடைத்தது பதிவு நாளுக்கான சில பவுண்டு கூலி, ராயல்டி இல்லை.

ஸ்கிஃபிள் என்ற பெயரே சிகாகோவின் கறுப்பர்களுடையது. வாடகைக்குப் பணம் சேர்க்க 1920களில் வீடுகளில் நடந்த பாட்டு விருந்துகளோடு ஒட்டிய சொல். லண்டனுக்கு வந்தபோது அது இடைவேளை இசையாக இருந்தது. கென் காலியர் என்ற டிரம்பெட்காரர் நியூ ஆர்லியன்ஸைப் பார்த்தே தீருவது என்று கப்பல் வேலைக்குச் சேர்ந்து போனார். விசா காலம் தாண்டியதால் அங்கே சிறையில் இருந்து, 1953இல் ஊர் திரும்பினார். அவர் குழுவில் பார்பரும் டோனகனும் இருந்தார்கள். ஊதுகிறவர்களின் உதட்டுக்கு ஓய்வு வேண்டும் இல்லையா, அந்த நேரத்தில் இரண்டு கிட்டாரும் ஒரு பாஸும் பலகையுமாக நாலு பாட்டு பாடுவார்கள். நாளாவட்டத்தில் அந்த நாலு பாட்டுக்காகவே கூட்டம் வர ஆரம்பித்தது.

இப்போது தலைப்பில் உள்ள பெட்டிக்கு வருகிறேன். டபுள் பாஸுக்குப் பதிலாகப் பையன்கள் வைத்துக்கொண்டது அதுதான். தேயிலை வந்து இறங்கும் ஒட்டுப்பலகைப் பெட்டி. ஓரங்களில் தகரப் பட்டை அடித்திருக்கும், உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். தேயிலையைக் கொட்டியபின் மலிவாகக் கிடைக்கும். வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்ட வாங்குவார்கள். அதைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் ஒரு துளை போட்டு, கயிற்றை உள்பக்கமாக முடிச்சிட்டு வெளியே இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைத் துடைப்பக் கம்பின் உச்சியில் கட்ட வேண்டும். கம்பின் அடியைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றி, ஒரு காலால் பெட்டியை மிதித்துக்கொண்டு, கம்பைப் பின்னால் சாய்த்தால் கயிறு விறைத்து ஸ்வரம் ஏறும். முன்னால் விட்டால் இறங்கும். சுருதி சுத்தமாக நிற்காது. ஆனால் 'டும்' என்று வயிற்றில் வந்து முட்டுகிற அந்த அடி ஒரு அறையையே தூக்கி நிறுத்தும். பலகைக்கு, தையல்காரர்கள் விரலில் மாட்டும் அங்குஸ்தான் நாலைந்து போதும். நெளிந்த தகரத்தின் மேல் மேலும் கீழுமாக இழுத்தால் ரயில் சக்கரம்.

பிரிட்டன் அன்று குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. மலையகத்தில் நம் பெண்கள் கிள்ளிய கொழுந்தைச் சுமந்துபோன பெட்டிகளும் அவற்றில் இருந்திருக்கும். அந்தப் பெண்களுக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் ஸ்கிஃபிள் கேட்கும்போதெல்லாம் அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, பையன்களுக்கு வருவோம். சோஹோவில் ஓல்ட் காம்ப்டன் தெரு 59ஆம் எண்ணில் 'டூ ஐஸ்' காப்பிக் கடை. முன்பு நடத்திய, ஈரானி என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரர்களின் 'ஐ' (I) என்ற முதலெழுத்தில் வந்த பெயர். 1956இல் இரண்டு மல்யுத்தக்காரர்கள் எடுத்து நடத்தினார்கள். மது கிடையாது, அதனால் சிறுவர்கள் தடையில்லாமல் நுழையலாம். கீழே ஒரு குறுகிய நிலவறை, அங்கே பாட்டு. லிவர்பூலில் ஜான் லெனன் பள்ளிக்கூட நண்பர்களைச் சேர்த்து குவாரிமென் என்ற ஸ்கிஃபிள் குழுவை ஆரம்பித்ததும் 1956இல்தான். அம்மா சொல்லிக்கொடுத்த பாஞ்ஜோ விரல்பிடியையே கிட்டாரிலும் பிடித்துக்கொண்டிருந்த பையன் அவர். 1957 ஜூலை 6, லிவர்பூலின் வூல்டன் பகுதியில் புனித பேதுரு தேவாலயத் திருவிழா; அதன் திடலில் குவாரிமென் வாசித்த அன்றுதான் பதினைந்து வயது பால் மெக்கார்ட்னி அவரைச் சந்தித்தார். அதே வருஷம் பிபிசி தொலைக்காட்சியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஸ்கிஃபிள் வாசித்துவிட்டு, பெரியவனானதும் உயிரியல் ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னான். பெயர் ஜிம்மி பேஜ், பின்னாளில் லெட் ஜெப்பலின் குழுவின் கிட்டார்காரர்.

இந்தப் பெயர்களைச் சொன்னது நீங்கள் பீட்டில்ஸ் என்று கேட்டதற்காக. ஆனால் இதை நினைத்து உருகுகிறவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தத் தட்டிலும் கிடையாது. ஒரு கோடை முழுக்கப் பக்கத்துத் தெருப் பையன்களோடு தேயிலைப் பெட்டியை மிதித்தார்கள், அப்புறம் ராணுவப் பணிக்கோ தொழிற்சாலைக்கோ போனார்கள். மேடை என்பது காசுள்ளவனுக்கும் பாடம் படித்தவனுக்கும் உரியது என்று வளர்ந்தவர்கள், ஒரு சாயங்காலமாவது அதில் ஏறி நின்றார்கள். பீட்டில்ஸ் வந்திருக்காவிட்டாலும் அவர்களுக்கு அந்தச் சாயங்காலம் மறந்திருக்காது.

ஸ்கிஃபிள் அடங்கிப்போனது என்கிறீர்கள். அதற்குள்ளிருந்து, அமெரிக்கக் கறுப்பர்களின் இசையான ப்ளூஸ் எழுந்து வந்தது. வார்டர் தெருவில் ரவுண்ட்ஹவுஸ் என்ற மதுக்கடையின் மாடியில் சிரில் டேவிஸ் ஒரு ஸ்கிஃபிள் மன்றம் நடத்தினார். பகலில் அடிபட்ட கார்களின் தகட்டை அடித்து நேராக்குகிற வேலை, ராத்திரியில் பன்னிரண்டு கம்பிக் கிட்டார். ஸ்கிஃபிள் உச்சத்தில் இருந்த 1957இலேயே அவரும் கிட்டார்காரர் அலெக்சிஸ் கோர்னரும் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ப்ளூஸ் மன்றம் என்று பலகை மாற்றினார்கள். வருகிற கூட்டம் போய்விடுமே என்று யோசிக்கவில்லை. அந்தத் துணிச்சலுக்காக இருவரையும் எனக்குப் பிடிக்கும்.

பழைய நினைவு எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கும் இங்கேயே ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் பிக் பில் புரூன்சி 1951இல் பிரிட்டனுக்கு வந்தபோது தனிக் கிட்டாரோடு, வயல்காட்டுப் பாடகராக மேடையில் நின்றார். சிகாகோவில் அவர் வருஷக்கணக்காகக் குழு வைத்துப் பாடிப் பதிவு செய்தவர். பிரிட்டன் ரசிகர்கள் வேண்டியது பருத்தி வயல், அதையே கொடுத்தார். 1958 அக்டோபரில் சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பியானோக்காரர் ஓடிஸ் ஸ்பானோடு வந்தார், கையில் எலெக்ட்ரிக் கிட்டார். சிகாகோவில் வாசிப்பதைத்தான் பிரிட்டனிலும் வாசித்தார். சத்தம் தாங்கவில்லை, இது ப்ளூஸே இல்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் மனதில் வைத்திருந்த ப்ளூஸ் இருபது வருஷம் பழையது. பாவம், மடி வாட்டர்ஸ் அந்த முகச்சுளிப்பை மனதில் வைத்துக்கொண்டு 1963இல் சாதாரணக் கிட்டாரோடு வந்தால், இந்தத் தடவை எலெக்ட்ரிக் எங்கே என்று கேட்டார்கள்.

நடுவில் காலம் மாறியிருந்தது. 1962 மார்ச் 17, ஈலிங் பிராட்வே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு நிலவறையில் கோர்னரும் டேவிஸும் எலெக்ட்ரிக் குழுவோடு இறங்கினார்கள். காற்றோட்டமில்லாத இடம். கூட்டத்தின் மூச்சும் வேர்வையும் கூரையில் ஏறி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக மேடை மேலேயே விழும். கீழே மின்சாரக் கம்பிகள். மேடைக்கு மேலே ஒரு அழுக்குத் துணியைக் கட்டி ஒழுகுவதைத் தடுத்தார்கள். டிரம்ஸில் சார்லி வாட்ஸ். ஏப்ரலில் அங்கேதான் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸைக் கண்டார்கள். ஜூலை 12 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரில் முதல் மேடை ஏறினார்கள். மௌத் ஆர்கனில் அந்த நிலவறையை அதிரவைத்த சிரில் டேவிஸ் 1964 ஜனவரியில் முப்பத்தொரு வயதில் இறந்துபோனார். பெரிய பெயர்கள் பேசப்படும் இடத்தில் அவர் பெயர் விட்டுப்போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இனி கடன். 'ராக் ஐலண்ட் லைன்' ஆர்கன்சா சிறையில் கைதிகள் பாடியது. 1934இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் அங்கே போய்ப் பதிவு செய்தார். அவருக்குக் கார் ஓட்டிப் போனவர் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி. பாட்டைக் காதில் வாங்கி, தன் கதையைச் சேர்த்து, ஊரெல்லாம் பாடியவர் அவர்தான். 1949 டிசம்பரில் இறந்தார். லண்டன் பையன்கள் தன் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியதை அவர் பார்க்கவில்லை.

'ஃபிரைட் டிரெயின்' கதை இன்னும் வலிக்கிறது. வட கரோலினாவில் ரயில் பாதையோரத்தில் வளர்ந்த எலிசபெத் காட்டன், வீட்டு வேலை செய்து சேர்த்த 3 டாலர் 75 சென்ட்டில் ஒரு கிட்டார் வாங்கி, பதினோரு பன்னிரண்டு வயதில் கட்டிய பாட்டு அது. பிறகு கிட்டாரைப் பல வருஷம் தொடவே இல்லை. வயதான பிறகு, இசைக்குடும்பமான சீகர் குடும்பத்து வீட்டில் சமையல் வேலைக்குப் போன இடத்தில், சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்தார். அந்த வீட்டுப் பெண் பெக்கி சீகர் பாட்டைக் கற்று இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவோடு நான்சி விஸ்கி பாடி அது முதல் ஐந்துக்குள் வந்தபோது, எழுதியவர்கள் என்று தட்டில் இருந்தது வேறு இரண்டு பேர். காட்டனின் பெயர் அதில் சேர்வதற்குப் போராட வேண்டியிருந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நான்சி விஸ்கி பாடியதைக் கேளுங்கள். நன்றாகத்தான் இருக்கும், விசிலோடு சேர்ந்து காதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காட்டன் பாடும் படக்காட்சியைத் தேடிப் பாருங்கள். இடதுகைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரைத் திருப்பிப் பிடித்திருப்பார். அதனால் எல்லாரும் கட்டைவிரலால் அடிக்கிற பாஸை அவர் மற்ற விரல்களால் அடிப்பார்; மெட்டு வருவது அவருடைய கட்டைவிரலிலிருந்து. சிறுமியாக இருக்கும்போது யாரும் சொல்லித்தராமல் அவரே கண்டுபிடித்துக்கொண்ட முறை. அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.