பின்பக்க ஜன்னல்தானே என்று விடாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் பகுதியில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீட்டில் முதல் மாடி ஃபிளாட்டுக்கு விலை பேசியிருக்கிறோம். பாரம்பரியச் சிறப்புக்காகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் ‘லிஸ்டட்’ கட்டடம். பின்பக்கப் படுக்கையறையில் மட்டும் மர ஜன்னலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஜன்னல். “போட்டு 12 வருஷம் ஆச்சு, இனி யாரும் கேட்க மாட்டாங்க. பயமா இருந்தா ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கங்க” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அவர் போடுவது சாதாரண வீட்டுக்கான கணக்கு. அங்கே அனுமதியில்லாத வேலை 10 வருடம் தாண்டிவிட்டால் கவுன்சில் கைவைக்க முடியாது. லிஸ்டட் கட்டடத்துக்கு அந்தக் கெடுவே கிடையாது. 30 வருடம் கழித்தும் நோட்டீஸ் வரலாம். வந்தால் அன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். அனுமதியில்லாமல் மாற்றிய குற்றம் மாற்றியவருடையது, திரும்ப மரத்தில் செய்து மாட்டும் செலவு உங்களுடையது.

பின்பக்கம் என்பதும் சாக்கு ஆகாது. லிஸ்டிங் முகப்போடு நிற்பதில்லை. பின்சுவர், மாடிப்படி, உட்கதவு எல்லாம் அதில் அடக்கம். “பின்னாடி மாத்த அனுமதி வேண்டாம் சார்” என்று சொல்லி இரட்டைக் கண்ணாடி விற்றுவிட்டுப் போகிறவர்கள் இந்தத் தெருக்களில் செய்திருக்கும் நாசம் கொஞ்சமல்ல. முறையாக விண்ணப்பிக்கக் கட்டணம்கூட இல்லை. 8 வாரத்தில் முடிவு என்பது சட்டம். நடப்பில் அது இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுவைதான் இந்த ஜன்னல் விற்பவர்களுக்கு வியாபாரம்.

இன்ஷூரன்ஸ் பாலிசி தவறை நேராக்காது. கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் பணம் தரும், அவ்வளவுதான். நீங்களோ, உங்கள் வக்கீலான சொலிசிட்டரோ ஜன்னலைப் பற்றிக் கவுன்சிலிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே பெரும்பாலும் பாலிசி கிடைக்காது. நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் இதே கேள்வியைக் கேட்பார்.

ஆகவே இப்போது கவுன்சிலுக்குப் போன் செய்யாதீர்கள். அவர்கள் இணையதளத்தில் அந்த முகவரிக்கான பழைய விண்ணப்பங்களைப் பாருங்கள். அனுமதி வாங்கியிருந்தால் அங்கே தெரியும். தேசிய பாரம்பரியப் பட்டியலில் கட்டடம் எந்தத் தேதியில் சேர்ந்தது என்றும் பாருங்கள்.

தேதி எதற்கு? பட்டியலில் சேருவதற்கு முன்பே மாற்றிய ஜன்னலுக்கு அனுமதி தேவைப்பட்டிருக்காது. ஏஜென்டுகள் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். 1791இல் தொடங்கி, கட்டியவர்கள் திவாலாகி, 1820 வாக்கில்தான் முடிந்த ராயல் யார்க் கிரசென்ட் போன்ற கிளிஃப்டன் வரிசைகள் 1950களின் கடைசியிலேயே பட்டியலுக்கு வந்துவிட்டன. பிளாஸ்டிக் ஜன்னல் இங்கிலாந்தில் பரவியதே அதற்கு வெகுகாலம் பின்னால். உங்கள் ஏஜென்ட் கணக்குப்படியே இது 12 வருடத்துப் பழசு. இந்த விலக்கு உங்களுக்கு உதவாது.

அனுமதி இல்லை என்று தெரிந்தால், மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சேஷ் ஜன்னல் செய்யும் தச்சரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். வெறும் மரச்சட்டத்துக்கு அல்ல: பக்கவாட்டுப் பெட்டி, உள்ளே தொங்கும் எடைக்கட்டி, பருத்திக் கயிறு, கண்ணாடிகளைப் பிரிக்கும் மெல்லிய மரக் கம்பிகள் எல்லாம் சேர்த்து. அந்தத் தொகையை வீட்டு விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஃபிளாட் என்பதால் ஜன்னல் குத்தகைப் பத்திரப்படி உங்களுடையதா, நிலச் சொந்தக்காரருடையதா என்று சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடையது என்றால் மாற்ற அவர் சம்மதமும் வேண்டும். இதெல்லாம் ஒப்பந்தம் கைமாறுவதற்கு முன்னால். மாறியபின் விற்பவர் போனை எடுக்க மாட்டார்.