லாக்கூர்நெவில் அறை எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது, பத்து வருஷக் கார்த், அதாவது வதிவிட அட்டை, வரப்போகிறது, தஞ்சம் கேட்டவர்களைத் தங்கவைக்கிற காடா நிலையத்தை விட்டு மூன்று மாதத்துக்குள் வெளிக்கிட வேண்டும். பாரிஸில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை சொல்லிவைத்திருக்கிறீர்கள். பாரிஸுக்குச் சற்று வெளியே, 93ஆம் மாவட்டத்தில் உள்ள லாக்கூர்நெவில் தெரிந்த ஒருவர் தன் வீட்டில் ஓர் அறை தருகிறாராம், மாதம் 450 யூரோ, 'பேப்பர் ஒன்றும் தேவையில்லை' என்கிறாராம். இன்னொருவர் '93 பக்கம் போகாதே, அது பழுதான இடம்' என்கிறாராம். அங்கே எப்படிப்பட்ட சனம், மனைவியும் பிள்ளையும் வந்தால் இருக்கலாமா, பிறகு ஒரு காலம் வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 1998இல் வந்தவள். அந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தேன், இரண்டு பிள்ளைகளையும் அங்கேதான் படிப்பித்தேன். அதனால் என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பயப்படத் தேவையில்லை. அந்த அறைக்குப் பயப்படுங்கள்.

லாக்கூர்நெவ் பாரிஸின் வடக்கு எல்லைக்குச் சற்று வெளியே, எல்லாரும் 93 என்று சொல்கிற சென்-சென்தெனி மாவட்டத்தில் இருக்கிறது. 7ஆம் இலக்க மெத்ரோ அங்கேதான் முடிகிறது. ஆர்ஈஆர் பி ரயிலில் ஏறினால் இரண்டாவது தரிப்பு கார் து நோர், அங்கிருந்து எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் கடைத்தெருவுக்கு நடந்து போகலாம். சனத்தொகை 45,000 அளவு. அதில் 10 பேருக்கு 4 பேர் பிரான்சின் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். கடல்கடந்த பகுதிகளை விட்டுப் பார்த்தால் இந்த மாவட்டம்தான் நாட்டிலேயே மிக வறியது. ஊரில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் வாடகைக்காரர்கள், அவர்களிலும் பெரும்பகுதி ஆஷ்எல்எம் என்கிற, குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடுகளில்.

இது தற்செயலாக வந்ததில்லை. 1950களின் கடைசியிலும் 60களிலும் பாரிஸ் தன் நகருக்குள் இடம் போதாமல், தன் சனத்தைக் குடியமர்த்த இங்கே பெரிய பெரிய தொடர்கட்டடங்களைக் கட்டியது. ஏறத்தாழ 4,000 வீடுகள் என்பதால் அந்தக் குடியிருப்புக்குப் பெயரே 'நாலாயிரம்'. 1984இல் பாரிஸ் அதைத் தன் கையிலிருந்து விட்டுவிட்டது. அதற்குள் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன. வசதியுள்ளவர்கள் போக, போக வழியில்லாதவர்கள் தங்கினார்கள். 1986இல் முதல் தொடர்கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2000 யூன் மாதம் ரெனுவார் கட்டடத்தைத் தகர்த்தபோது நான் அங்கே இருந்தேன். முன்கூட்டியே அறிவித்த வெடிதான், எல்லாருக்கும் நேரம் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்ட உடனே எங்கள் சனம் பக்கத்தில் நின்ற பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டதைக் கண்டேன். பிரெஞ்சுக்காரர் சிலர் கைதட்டினார்கள், அந்தக் கட்டடத்தில் வளர்ந்த பெண்கள் சிலர் அழுதுகொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகும் இன்னும் பலவற்றை இடித்தார்கள். இடத்துக்கு வெளிச்சம் வந்தது, வடிவான சிறிய கட்டடங்கள் வந்தன. ஆனால் பழைய மலிவு வாடகையில் புது வீடு கட்ட ஒருவராலும் ஏலாது.

எப்படிப்பட்ட சனம் என்று கேட்டீர்கள். அல்ஜீரியா, மொரோக்கோ, மாலி, கொமோர், ஹெயிட்டி, சீனா, இந்தியா, பங்களாதேஷ், இலங்கை என்று ஒரு படிக்கட்டிலேயே உலகம் இருக்கும். மாவட்டத்தில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். கடல்கடந்த பகுதிகளை விட்டால், பிரான்சில் இதைவிடக் கூடிய விகிதம் வேறு மாவட்டத்தில் இல்லை. தமிழர் எத்தனை பேர் என்று எண் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பிரெஞ்சுக் கணக்கெடுப்பில் பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்பார்கள், இனத்தையோ மதத்தையோ தாய்மொழியையோ கேட்பதில்லை. நான் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த பிறகும் அவர்களுடைய கணக்கில் குடியேறியவள்தான். இங்கே பிறந்த என் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். 'முப்பது வருஷமாக அந்த ஊர் வறுமையில்தானே கிடக்கிறது, அங்கே போனால் முன்னேற ஏலாது' என்று சொல்வார்கள். என்னோடு ஒரே மாடியில் இருந்த குடும்பங்களில் முக்கால்வாசி இப்போது அங்கே இல்லை. வேலை நிலைத்ததும் திரான்சிக்கோ பிளான்-மெனிலுக்கோ, இன்னும் தள்ளி 77ஆம் மாவட்டத்துக்கோ போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு உங்களைப் போல நேற்று வந்தவர்கள் வருகிறார்கள். ஆட்கள் முன்னேறி வெளிக்கிடுகிறார்கள், புள்ளிவிபரம் மட்டும் அசையாமல் நிற்கிறது. வருஷத்துக்கு வருஷம் அது எண்ணுவது வேறு ஆட்களை.

இனி வாடகைக்கு வருவோம், உங்கள் கேள்வியின் மையம் அதுதான். வறிய ஊர் என்றால் வாடகை மலிவு என்று நினைப்பீர்கள். அங்கே மூன்று விலை இருக்கிறது. பழைய ஆஷ்எல்எம் கட்டடத்தில் சதுர மீட்டருக்கு 7 யூரோ அளவு. தனியார் வீட்டில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றாவது, உங்களுக்குச் சொல்லியிருக்கிற அறை. அது எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டீர்களா? 10 என்று வையுங்கள். அப்படியானால் மீட்டருக்கு 45 யூரோ, பாரிஸின் நடுவில் இருப்பவர்கூட அவ்வளவு கொடுப்பது அரிது. மலிவு வாடகை பேப்பர் உள்ளவனுக்கு, பேப்பர் இல்லாதவனுக்கு அந்த ஊரிலேயே விலை கூடின வாடகை. நானும் இதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

ஏன் அந்த அறைக்கு ஆள் கிடைக்கிறது என்றால், கணக்கு அப்படி. அடிப்படைச் சம்பளம் கையில் 1,400 யூரோவைச் சற்றுத் தாண்டும். வீட்டுக்காரரும் அஜான்ஸ் என்கிற வீட்டு முகவர்களும் வாடகையைப்போல மூன்று மடங்கு சம்பளம் கேட்பார்கள். அப்படியென்றால் உங்களுக்கு 470 யூரோ வீடுதான் பொருந்தும், அந்தக் காசுக்குத் தனியாரிடம் ஒரு ஸ்டூடியோகூடக் கிடைப்பது கடினம். மூன்று மாதச் சம்பளத் துண்டு வேண்டும், கரான் என்கிற பிணையாளும் வேண்டும். புதிதாக வந்தவனிடம் இவை இருக்காது. அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் ஆட்களே அறை போட்டு வாடகை எடுக்கிறார்கள்.

நாங்கள் முதல் மூன்று வருஷமும் அப்படித்தான் இருந்தோம். ஓர் அறையில் நானும் கணவரும் கைக்குழந்தையும், மற்ற அறைகளில் இன்னும் ஏழு பேர். அறை தந்தவருக்கு மாதம் முதலாம் திகதி காசாகக் கொடுப்போம், கட்டியதற்குத் துண்டு தரமாட்டார். கார்த் கொடுக்கிற அரசு அலுவலகமான பிரெஃபெக்சூருக்கு முகவரி காட்ட ஒரு கடிதம் தந்தார். அதில் எங்களை 'இலவசமாகத் தங்கவைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சு விளங்காத எங்களுக்கு அது உதவி மாதிரித் தெரிந்தது. நாங்கள் வாடகை கட்டிய மூன்று வருஷத்தையும் அந்த ஒரு சொல் இல்லாமல் ஆக்கிவிட்டது. காஃப் என்கிற அரசு உதவி அலுவலகத்தின் வீட்டு உதவி ஒரு சதமும் எடுக்க முடியவில்லை. ஒருநாள், வருகிற கிழமை வெளிக்கிடுங்கள் என்றார். எங்கே போய் முறையிட? எங்கள் பேரில் ஒரு வரி எழுத்து இல்லை.

ஆகவே அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது? எனக்கு அறை தர வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா? மாதாமாதம் கித்தான்ஸ், அதாவது வாடகைத் துண்டு, தருவீர்களா? சம்மதம் இல்லாத உள்வாடகை சட்டத்துக்கு மாறானது, ஆஷ்எல்எம் வீடென்றால் அவருக்கே வீடு போகக்கூடும், அவரோடு நீங்களும் தெருவுக்கு வருவீர்கள். சம்மதம் இருந்தாலும், தான் கட்டுகிற வாடகையைவிடக் கூட உங்களிடம் எடுக்க அவருக்கு உரிமையில்லை.

உங்களுக்கு வேறு வழி உண்டா? உண்டு, எனக்கு அந்தக் காலத்தில் இல்லாததும் இருக்கிறது. வயது 29 என்று எழுதியிருக்கிறீர்கள். 30 வயது வரை உள்ளவர்களுக்கு விசால் என்ற இலவசப் பிணை இருக்கிறது. வாடகை உங்கள் வருமானத்தின் பாதிக்குள் இருந்தால் அது கரானுக்குப் பதிலாக நிற்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதலே அதை எடுத்திருக்க வேண்டும், பிறகு எடுக்க ஏலாது. லாக்கூர்நெவ், சென்தெனி, ஓபேர்வில்லியே உட்பட அந்த ஊர்க் கூட்டமைப்பில் 2021 யூன் 1 முதல் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள். மின்சார, வெப்பச் செலவுத் தரத்தில் 'ஜி' பெற்ற வீட்டை 2025 தொடக்கம் புதிதாக வாடகைக்கு விட ஏலாது. தளபாடமில்லாத வீட்டுக்கு முற்பணம் ஒரு மாத வாடகைதான். ஒப்பந்தத்துக்கு முதல் காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் திரும்பிப் பாராமல் வாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆதில் 93 என்ற இடத்தில் வாடகைச் சட்டத்தைக் காசில்லாமல் விளங்கப்படுத்துவார்கள். குடிபுகுந்த மாதமே காஃபுக்கு விண்ணப்பியுங்கள், பிந்திய மாதங்களைத் திருப்பித் தரமாட்டார்கள்.

ஆஷ்எல்எம் விண்ணப்பத்தைக் கார்த் கைக்கு வந்த கிழமையே போடுங்கள். பாரிஸ் பிராந்தியத்தில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. கிடைக்கிற விண்ணப்ப இலக்கத்தைக் கார்த்தைப்போலப் பத்திரமாக வையுங்கள், வருஷா வருஷம் புதுப்பியுங்கள். நான் 2001இல் விண்ணப்பித்தேன். நாலாம் வருஷம் வீடு மாறியபோது முகவரியை மாற்றவில்லை. நினைவூட்டல் கடிதம் பழைய வாசலுக்குப் போனது, விண்ணப்பம் அழிந்தது, நாலு வருஷக் காத்திருப்பும் அதோடு போனது. மறுபடி தொடங்கி 2013இல்தான் வீடு கிடைத்தது. அந்தத் திறப்பைக் கையில் வாங்கியபோது என் மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அதுவரை அவளுக்கு ஒரு மேசை போட இடமிருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

குடும்பத்தைப் பற்றி. நீங்கள் அகதி அந்தஸ்து பெற்றவர் என்பதால் மனைவியையும் பிள்ளையையும் அழைக்க வீட்டின் அளவோ சம்பளமோ கேட்கமாட்டார்கள். மற்றவர்கள் இரண்டு பேருக்கு 22 சதுர மீட்டர் காட்ட வேண்டும் என்று திண்டாடுகிறார்கள். ஆனால் விசா கிடைத்து அவர்கள் விமான நிலையத்தில் வந்து நிற்கும்போது அந்த அறைக்குத்தானே கூட்டிக்கொண்டு போவீர்கள்? இதை யோசித்துத்தான் நான் ஒன்று சொல்லப்போகிறேன், உங்களுக்குப் பிடிக்காது. காடாவில் உள்ள சமூக உத்தியோகத்தர் வேறு நகரத்தில் ஆஷ்எல்எம் இரண்டறை வீடு ஒன்று காட்டினால் அதை எடுங்கள். அங்கே தமிழ்க் கடை இருக்காது, சமையலறை வேலைக்குக் கூப்பிட ஆளிருக்காது, முதல் குளிர்காலம் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பேரில் ஒப்பந்தம் இருக்கும், பிள்ளைக்கு அறை இருக்கும், பிரெஞ்சு வகுப்புக்குப் போக நேரமிருக்கும். பாரிஸுக்குப் பிறகும் வரலாம்.

அப்படி வீடொன்றும் வராமல், லாக்கூர்நெவில் உங்கள் பேரில் வீடு கிடைத்தால், ஊரின் பேருக்காக விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடங்களில் பாடுபடுகிற ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் 400 ஹெக்டயருக்கு மேல் பரந்த ஒரு பூங்கா இருக்கிறது, என் பிள்ளைகள் சைக்கிள் ஓடப் பழகியது அங்கேதான். இரவில் சில வாசல்களில் போதைப்பொருள் விற்கிறவர்கள் நிற்பார்கள், அதையும் மறைக்கமாட்டேன். அதனால் வீடு பார்க்கப் பகலில் ஒரு தரமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தரமும் போங்கள். முகவரியைப் பார்த்து வேலைக்கு எடுக்காமல் விடுகிற கொடுமையும் இருந்தது, இருக்கிறது. அப்போது ஊரின் மேயராக இருந்த ஜில் பூ 2009இல் ஊரே பாகுபாட்டுக்கு ஆளாகிறது என்று முறைப்பாடு செய்தார். 2014 பெப்ரவரிச் சட்டம் வசிக்கும் இடத்தை வைத்து ஒதுக்குவதையும் குற்றமாக்கியது. ஊர்ச் சனம் பேசாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது.

வீடு வாங்குவது இப்போதைக்கு வேண்டாம். பாரிஸில் சதுர மீட்டர் 9,000 யூரோவைத் தாண்டும், இங்கே அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதைக் கேட்டு எங்கள் ஆட்கள் பலர் அவசரப்பட்டார்கள். பழைய அடுக்குமாடியில் விலையைவிட 'ஷார்ஜ்' என்கிற பொதுச் செலவுதான் ஆளை விழுத்தும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால் கூரையும் லிப்டும் பழுதாகிக் கிடக்கும். அந்த நாள் வரும்போது கடைசி மூன்று வருஷப் பொதுக்கூட்டக் குறிப்புகளை வாங்கி, பிரெஞ்சு வடிவாகத் தெரிந்த ஒருவரை வைத்து வாசியுங்கள். முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகும் 10 நாளுக்குள் விலகலாம்.

இப்போது செய்ய வேண்டியது அந்த மூன்று கேள்விதான். அவர் என்ன மறுமொழி சொன்னார் என்று எழுதுங்கள். துண்டு தருகிறேன் என்று சொன்னால் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், கையெழுத்து வைக்க முதல் நான் வாசித்துச் சொல்கிறேன்.