கம்பி கழற்றியாச்சு, அப்புறம்? – பல் சீரமைப்பு கேள்வி-பதில்

15 வயதில் கிளிப் போட்டேன். இப்போது 27. கீழ் முன்பற்கள் மறுபடி நெருக்குகின்றன. டாக்டர் சரியாகச் செய்யவில்லையா? – வாசகி, கரூர்

கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்து வைக்கிற ரிடெய்னர் எங்கே? அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான். நகர்த்திய பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்வரை ஆகும். அதுவரை பழைய இடத்துக்கே இழுக்கும். அதன் பிறகும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கும். கிளிப்பே போடாதவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், பல் எடுத்துக் கிளிப் போட்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ரிடெய்னரை விட்டுப் பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பேருக்குக் கீழ்வரிசை கலைந்திருந்தது. இருபது வருடத்தில் ஒழுங்காக இருந்தது பத்தில் ஒருவருக்குத்தான். டாக்டரைக் குறை சொல்லுமுன் இதை யோசியுங்கள்.

கல்யாணப் பந்தியில் ரிடெய்னரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைப்பார்கள், அது இலையோடு போய்விடும். சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீரில் போடுவார்கள், அது கோணிக்கொள்ளும். டப்பா எதற்குக் கொடுக்கிறோம்? எத்தனை வருடம் போட வேண்டும் என்றால், வரிசை நிலைக்க வேண்டும் என்று ஆசைப்படும்வரை, இரவில். உங்களுக்கு இனிச் சில மாதக் கம்பியோ, கழற்றி மாட்டுகிற கண்ணாடி போன்ற உறையான அலைனரோ தேவைப்படலாம். பழைய ரிடெய்னரைத் தேடியெடுத்து அழுத்தி மாட்டாதீர்கள்.

ஞானப்பல் தள்ளுவதால்தான் வரிசை கலைகிறது, நான்கையும் பிடுங்கு என்கிறார் மாமா. – மதுரை

மாமா பல் டாக்டரா? ஞானப்பல் முளைக்காதவர்களுக்கும் கலைகிறது. சொத்தை, சீழ், வலி இருந்தால் எடுங்கள்.

ரிடெய்னராகப் பல்லின் உள்பக்கம் ஒட்டிய கம்பி ஆயுளுக்கும் இருக்கலாமா? – திருச்சி

இருக்கலாம். காறை சேரும், ஆறு மாதத்துக்கொரு முறை அதைச் சுரண்டியெடுக்கும் ஸ்கேலிங் கட்டாயம். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டால் வலிக்காது. ஆனால் அந்தப் பல் மெல்லத் திரும்பிவிடும். நாக்கால் தடவிப் பாருங்கள்.

கிளிப் போட்டதில் பல் வேர் குட்டையாகிவிட்டதாம், எக்ஸ்ரேயில் தெரிகிறதாம். பல் விழுந்துவிடுமா? – பெயர் வேண்டாம்

எத்தனை மில்லிமீட்டர்? எந்தப் பல்? எதுவும் எழுதாமல் என்னை ஜோசியம் பார்க்கச் சொல்கிறீர்கள். ஒன்றிரண்டு மி.மீ. கரைவது சகஜம், கம்பியை எடுத்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். பாதி வேர் போயிருந்தால் ஈறு நோய் மட்டும் அண்டக் கூடாது. மறுபடி ஸ்கேலிங்கைத்தான் சொல்வேன். இனி எங்கே கிளிப் போடப் போனாலும் இந்த எக்ஸ்ரே கையில் இருக்கட்டும்.

கிளிப் போட்டால் மகளுக்குத் தன்னம்பிக்கை வருமா? வயது 12. – சேலம்

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1981இல் சுமார் ஆயிரம் பிள்ளைகளைப் பரிசோதித்து, இருபது வருடம் கழித்து, கிடைத்தவர்களை மறுபடி பார்த்தார்கள். கிளிப் போட்டவர்களுக்குப் பல் வரிசையில் திருப்தி கூடுதல். மனநலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பல் எடுப்பாக இருந்து, பிள்ளை கீழே விழுந்தால் உடையும் என்றாலோ, மேல்-கீழ்ப் பற்கள் சரியாகக் கடிபடவில்லை என்றாலோ தாராளமாகப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள் என்பதற்காக வேண்டாம். மகளிடம் கேட்டீர்களா?