அடியில் சாரம் கட்டாமல் பள்ளத்தாக்குப் பாலம் எப்படி எழும்புகிறது?

ஆரியங்காவுப் பக்கத்து நண்பரின் கேள்வி: தென்மலை பதின்மூன்று கண் பாலம் கல் வளைவு, கீழிருந்து தாங்கிக் கட்டலாம். நூறு மீட்டர் ஆழத்தில் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு என்ன வழி?

தூணிலிருந்து இரு கைகளையும் நீட்டுவதுதான் வழி. உள்ளே கூடான தூணை மூன்று நான்கு மீட்டராக உயர்த்துவார்கள். உச்சியில் இருபுறமும் நகரும் சென்ட்ரிங்கைத் தொங்கவிட்டு, மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளத் துண்டுகளாக வார்ப்பார்கள். தராசு மாதிரி இரு பக்கமும் சமமாக வளர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் தூணே வளையும்.

ஒவ்வொரு துண்டும் போதிய வலிமை பெற்றதைக் கியூப் சோதனையில் (அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டியை நசுக்கிப் பார்ப்பது) உறுதிசெய்த பிறகே, உள்ளே செல்லும் எஃகுக் கம்பிவடங்களை ஜாக்கியால் இழுத்துப் பூட்டுவார்கள். அவசரப்பட்டால் பூட்டும் இடத்தில் கான்கிரீட் நொறுங்கும். பிறகு வடம் செல்லும் குழாய்க்குள் சிமென்ட் கூழ் ஏற்ற வேண்டும். இதில்தான் கறாராக இருக்க வேண்டும் என்பேன். காற்றிடைவெளி விட்டுப்போய் மழைநீர் நுழைந்தால் வடம் துருப்பிடிக்கும், வெளியே எதுவும் தெரியாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும் மலையில் இது சின்ன ஆபத்தல்ல.

எதிரெதிரே வரும் இரு கைகளையும் சேர்க்கும் நடுத்துண்டை வெயிலில் இணைக்கக் கூடாது, விடியற்காலையே நல்லது. கான்கிரீட் நூறு மீட்டருக்கு, 20 டிகிரி வெப்ப மாற்றத்தில், சுமார் 20 மில்லிமீட்டர் நீளும். பாலம் நீள இடம்விடும் விரிவு இணைப்பில் மண் அடைத்தால் அந்த நீட்சி தூணைத் தள்ளும். மழைக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்ய வேண்டும்.