கேள்வி பதில்: மன்றோ முதல் மணிலா வரை

கேள்வி: 1823-இல் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லாத அமெரிக்கா, ‘அமெரிக்கக் கண்டங்களில் புதிதாகக் காலனி பிடிக்கக் கூடாது’ என்று ஐரோப்பாவிடம் சொன்னது எப்படி எடுபட்டது?

பதில்: எடுபட்டது பிரிட்டிஷ் கடற்படையால்தான். ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட தென்னமெரிக்க நாடுகளின் சந்தை லண்டனுக்கு வேண்டியிருந்தது. ஆகவே, அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து இப்படியொரு கூட்டறிக்கை விடலாம் என்றார் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங். முன்னாள் அதிபர்கள் ஜெஃபர்சன், மாடிசன் இருவருக்கும் சம்மதம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மட்டும் முரண்டு பிடித்தார். அந்த அறிக்கையில் சேர்ந்தால், பின்னாளில் டெக்சாஸோ கியூபாவோ தங்களோடு இணைய விரும்பினாலும் கை கட்டப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு. கெட்டிக்காரர்! டிசம்பர் 2 அன்று அதிபர் மன்றோ காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் சில பத்திகளாக, அமெரிக்காவின் தனி அறிவிப்பாகவே அது வெளிவந்தது. அதுதான் ‘மன்றோ கோட்பாடு’. சட்டமும் அல்ல, ஒப்பந்தமும் அல்ல. 1833-இல் பிரிட்டனே ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தபோது வாஷிங்டன் தடுக்கவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடக்கையில் பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் புகுந்தது. 1865-இல் போர் முடிந்து, டெக்சாஸ் எல்லையில் அமெரிக்கத் துருப்புகள் குவிந்த பிறகே அந்தச் சொல்லுக்கு எடை வந்தது.

கேள்வி: பிலிப்பைன்ஸை அமெரிக்கா விலைக்கா வாங்கியது?

பதில்: பிலிப்பைன்ஸ் அப்போது ஸ்பெயினின் காலனி. ஸ்பெயின்–அமெரிக்கப் போரை முடித்த 1898 பாரிஸ் ஒப்பந்தப்படி ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. இத்தனைக்கும் மணிலா ஆகஸ்டிலேயே அமெரிக்கா வசம் வந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர அமெரிக்க செனட்டில் நடந்த வாக்கெடுப்பில் 57–27, மூன்றில் இரண்டு பங்குக்கு 56 வாக்கு வேண்டும், ஒன்றுதான் கூடுதல். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பே, 1899 பிப்ரவரி 4 அன்று, மணிலாவில் பிலிப்பைன்ஸ் விடுதலைப் படையுடன் சண்டை மூண்டிருந்தது.