பேய் முகத்தை எப்போது காட்டுவது? - எடிட்டிங் கேள்வி பதில்

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து எடுத்த எங்கள் பேய்ப்படம் 14 நிமிடம் ஓடும். டிரெய்லர் 2 நிமிடம் 20 விநாடி வந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் "முழுப் படத்தையும் பார்த்துட்ட மாதிரி இருக்கு" என்கிறார்கள். எதை வெட்டுவது?

அவர்கள் சொல்வது நியாயம்தான். படத்தில் ஆறில் ஒரு பங்கை டிரெய்லரிலேயே கொடுத்துவிட்டீர்கள். 60 முதல் 75 விநாடிக்குள் அடக்கப் பாருங்கள். முதலில் வெட்ட வேண்டியது பேயின் முகம். அடுத்தது, பேய் ஏன் வந்தது என்று யாராவது விளக்கும் வசனம். படத்தின் கடைசி மூன்று நிமிடங்களில் வரும் ஷாட் எதுவும் டிரெய்லருக்குள் வரக் கூடாது.

பேய் இருந்த இடத்தில் அதைப் பார்ப்பவரின் முகத்தை வையுங்கள். நடிகரின் கண் ஃப்ரேமுக்கு வெளியே ஒரு மூலைக்கு நகர்கிறது, நகர்ந்த கண் அங்கேயே நிற்கிறது. அங்கே கட் செய்துவிடுங்கள். மூலையில் என்ன இருந்தது என்பதைப் பார்வையாளர் தானே கற்பனை செய்துகொள்வார். மாணவர் படத்து மேக்கப்பைவிட அந்தக் கற்பனை எப்போதும் பயங்கரமாக இருக்கும்.

முதல் 25 விநாடிக்கு ஷாட்டுகள் மூன்று, நான்கு விநாடி நிற்கட்டும்: வீடு, ஆட்கள், சாத்திய கதவு. பிறகு அதே கதவு திறந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் வேகம். ஒரு விநாடி (24 ஃப்ரேம்), 16 ஃப்ரேம், 10 ஃப்ரேம் என ஷாட்டின் நீளம் குறைந்துகொண்டே வர வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 10 ஃப்ரேம் கட் போட்டால், பின்னால் கூட்டுவதற்கு வேகம் மிச்சமிருக்காது. மாணவர் டிரெய்லர்கள் பலவும் சறுக்குவது இங்கேதான்.

திடுக்கிடும் இடத்தில் அலறலை முழு வால்யூமில் வைத்திருக்கிறோம். ஆனாலும் யாரும் திடுக்கிடவில்லை. யூடியூபில் ஏற்றியதும் இன்னும் சப்பென்று ஆகிவிட்டது. ஏன்?

ஆளைத் தூக்கிப்போடுவது சத்தத்தின் அளவல்ல, அதற்கு முந்தைய நொடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். உங்கள் டைம்லைனில் பின்னணி இசை முதலிலிருந்தே உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். யூடியூப் சராசரி ஒலி அளவைப் பார்த்து, மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) மேல் போனால் வீடியோ முழுவதையும் சேர்த்துக் குறைத்துவிடும். இசையோடு சேர்ந்து உங்கள் அலறலும் இறங்கிவிடுகிறது. அதனால் மற்ற இடங்களைத் தாழ்த்துங்கள். எடிட்டிங் மீட்டரில் 0 தான் உச்ச எல்லை; வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும், இசை அதைவிடத் தணிவாகப் போகட்டும். மைனஸ் 1 வரையிலான இடம் அலறலுக்கு மட்டுமே சொந்தம்.

அலறலுக்கு 15 முதல் 20 ஃப்ரேம் முன்பே, ஏறிக்கொண்டிருக்கும் இசையைப் பட்டென்று நிறுத்துங்கள். அங்கே முழு அமைதி வேண்டாம். ஸ்பீக்கர் பழுதென்று தோன்றும். படப்பிடிப்பு அறையிலேயே பதிவு செய்த வெற்று ஒலியை மைனஸ் 45 டெசிபலில் ஓடவிட்டு, ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் சேர்த்தால் போதும்.

அடிக்கும் ஒலியை ஒரே ஃபைலாகப் போடாமல் மூன்று அடுக்காகக் கட்டுங்கள். அடியில் 50 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கும்மென்ற இடி, நடுவில் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் மரமோ இரும்போ மோதும் சத்தம், மேலே 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கீச்சொலி. போன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. நடு அடுக்கு இல்லையென்றால் போனில் பார்ப்பவருக்கு வெறும் கீச்சுதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் உடனே சோதியுங்கள். ஒலி நூலகத்திலிருந்து எடுத்த ஃபைல்களின் தலைப்பகுதியில் சில ஃப்ரேம் வெற்றிடம் இருப்பதுண்டு. கிளிப்பின் விளிம்பைக் கட்டோடு பொருத்தினால் சத்தம் மூன்று, நான்கு ஃப்ரேம் தாமதமாக வரும். கண் முந்திக்கொண்டுவிட்டால் திடுக்கிட என்ன இருக்கிறது? ஒலி அலையின் வரைபடமான வேவ்ஃபார்மைப் பெரிதாக்கி, அலை செங்குத்தாக எழும் இடத்தைக் கட் ஃப்ரேமின் மேல் வையுங்கள். அந்த ஷாட்டுக்கு 12 ஃப்ரேம் தாராளம். இரண்டு விநாடி நின்றால் மேக்கப் தெரியும், சிரிப்பும் வரும்.

எடிட் செய்த கம்ப்யூட்டரில் தெளிவாக இருந்த இருட்டுக் காட்சிகள் போனில் கட்டம் கட்டமாக உடைகின்றன. புரொஜெக்டரில் ஒன்றுமே தெரியவில்லை.

இவை இரண்டும் வெவ்வேறு நோய். கட்டம் கட்டமாகத் தெரிவது கம்ப்ரஷனால், அதாவது ஃபைலைச் சுருக்குவதால். 8 பிட் வீடியோவில் கறுப்புக்கும் அடர்சாம்பலுக்கும் இடையே உள்ள படிகள் குறைவு, அதிலும் சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் முதலில் கைவைப்பது அந்தப் பகுதியில்தான். மெல்லிய கிரெயின் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப்புள்ளிகள்) கிளிப் ஒன்றை ஓவர்லே முறையில் 10 முதல் 15 சதவீத ஒபாசிட்டியில் மேலே போட்டால் அந்தப் படிகள் பட்டைகளாகத் தெரிவது கலைந்துவிடும். 1080பி-யில் எடிட் செய்திருந்தாலும் 1440பி அல்லது 4கே-வாகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். அந்த அளவுகளுக்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) ஒதுக்குகிறது.

புரொஜெக்டர் விஷயத்தில், அரங்கில் கசியும் வெளிச்சமே கறுப்பைச் சாம்பலாக்கி, நுணுக்கங்களை விழுங்கிவிடும். மானிட்டரை நம்பாமல், வெளிச்ச அளவை 0 (கறுப்பு) முதல் 100 (வெள்ளை) வரை காட்டும் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பைப் பாருங்கள். பார்வையாளர் கவனிக்க வேண்டிய முகம் அல்லது கை 25 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. பின்புலம் 5 சதவீதத்தில் கிடந்தால் பரவாயில்லை. ஃப்ரேமுக்குள் டார்ச், ஜன்னல் என ஏதாவது ஒன்று 70 சதவீதத்தைத் தொட்டால், சுற்றியுள்ள இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். வெளிச்சமே இல்லாமல் எடுத்ததை எடிட்டில் தூக்கினால் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ்தான் வரும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் குறைக்கும் வசதியும் இல்லை. அந்த ஷாட்டை மறுபடி எடுப்பது மேல்.

வெள்ளை ஃப்ளாஷ்களை எவ்வளவு வேகமாக வைக்கலாம்?

விநாடிக்கு மூன்றைத் தாண்டவே கூடாது. ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து, அடர்சிவப்பு மின்னல் என்றால் இன்னும் அதிகம். 24 ஃப்ரேம் வேகத்தில் இரண்டு ஃப்ரேம் வெள்ளை, இரண்டு ஃப்ரேம் கறுப்பு என்று மாற்றினால் விநாடிக்கு ஆறாகிவிடுகிறது. 12 ஃப்ரேமுக்கு ஒன்று வையுங்கள், தொடக்கத்தில் எச்சரிக்கை வரியும் போடுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் இசை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்தானே?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைப்பாளி சில நிபந்தனைகளோடு இலவசமாகத் தரும் உரிமம். அதன் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 'பிஒய்' என்றால் இசையமைத்தவர் பெயரைப் போட வேண்டும். 'என்சி' என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. பலர் கவனிக்காதது 'என்டி'. மாற்றம் செய்யக் கூடாது என்பது அதன் நிபந்தனை, காட்சியோடு இசையைப் பொருத்துவதும் மாற்றமாகவே கருதப்படும். அதைத் தொடாதீர்கள்.

போனில் எடுத்த ஷாட்டுகளில் போகப்போக உதட்டசைவும் குரலும் விலகுகின்றன.

பெரும்பாலான போன்கள் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும், பேய்ப்படத்தில் இருட்டுக்கா பஞ்சம்? இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்டை (மாறாத ஃப்ரேம் வேகம்) தேர்ந்தெடுத்து, டைம்லைனின் வேகத்துக்கே எல்லாக் கிளிப்புகளையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கட் போடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பாதி எடிட்டில் மாற்றினால் முன்பு போட்ட கட்டுகள் ஓரிரு ஃப்ரேம் தள்ளிப்போய், அலறல் பொருத்திய இடங்களையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.